கட்டுச்சோற்றோடு வரும் விருந்தினர்

ஆளுக்கொரு தேசத்துப் பதார்த்தத்தைச் சமைத்துக் கொண்டுவந்து ஒரே பந்தியில் பகிர்ந்துண்ணும் ‘பாட்லக்’ விருந்து, சிங்கப்பூர் அடுக்குமாடி வீடுகளில் நடைபெறும் விதமும், அதனால் விளையும் நன்மைகளும், அதில் கொள்ளவேண்டிய ஜாக்கிரதையும் பற்றிய சிறப்புக் கட்டுரை.

சனிக்கிழமை அந்திப் பொழுதில், அங் மோ கியோ வட்டாரத்து அடுக்குமாடிக் கட்டடமொன்றின் ஒன்பதாம் தளத்தில், மின்தூக்கியின் கதவு திறக்கும்போதெல்லாம் ஒரு புதிய மணம் தாழ்வாரத்தில் வந்து சேருகிறது. முதலில் வருபவர்கள் ஒரு மலாய்த் தம்பதியர். மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் பந்தியில் உண்டென்று முன்பே அறிந்து, கோழியைத் தேங்காய்ப்பாலிலும் லவங்கப்பட்டையிலும் இட்டு, அடிப்பிடிக்காமல் கிளறிக் கிளறிக் கருஞ்சிவப்பாகச் சுண்டவைத்த ரெண்டாங்கை, பூப்போட்ட துணியில் முடிச்சிட்ட பாத்திரத்தில் ஏந்தி வருகிறார்கள். அடுத்துச் சீன ஆசிரியை ஒருவர், தாம் சில காலம் தங்கிப் படித்த கியோட்டோ நகரத்தில் கற்றபடி, நடுவே உப்பிட்ட ‘உமெபோஷி’ப் பழம் வைத்துக் கடற்பாசித் தாள் சுற்றிய சோற்று உருண்டைகளை மரப்பெட்டியில் அடுக்கிக் கொணர்கிறார். அவர் பின்னாலேயே, எத்தியோப்பியாவின் தலைநகரான அடிஸ் அபாபாவில் பணியாற்றித் திரும்பிய தமிழ்ப் பொறியாளர், பிரம்புத் தட்டொன்றை இரு கைகளாலும் பிடித்தபடி நுழைகிறார். புளிக்காய்ச்சலை முதல்நாளே காய்ச்சி வைத்துவிட்டு, சோற்றை மட்டும் சற்றுமுன் வடித்துக் கலந்த வீட்டுத் தலைவி, அடுப்படியில் வெந்துகொண்டிராமல், வாசலில் நின்று ஒவ்வொருவரையும் முகம் பார்த்து வரவேற்கிறார்.

கூடத்தில் சுவர் நிறைய உலகப் படம் தொங்குகிறது. மேஜைமேல் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பக்கத்தில் ஒரு சீட்டு: பதார்த்தத்தின் பெயர், அதன் தேசம், சேர்ந்துள்ள பொருள்கள், சமைத்தவர் பெயர். நாற்காலியில் அமர்ந்திருந்த பாட்டி எட்டிப் பார்த்துக் கேட்கிறார்.

“என்னப்பா, ஆப்பமா இது? மேலெல்லாம் கண்கண்ணா இருக்கே!”

“ஆப்பம் இல்லே பாட்டி, இஞ்சேரா. அந்த ஊர்லே டெஃப்னு ஒரு சிறுதானியம், கடுகைவிடச் சின்னது. மாவைக் கரைச்சு ரெண்டு மூணு நாள் புளிக்க வெச்சு ஊத்தறாங்க.”

“நம்ம தோசைமாவு மாதிரிதானே! பின்னே ஏன் இவ்வளவு தூரம் போய்க் கத்துக்கிட்டே?” என்று பாட்டி சிரிக்க, விருந்து தொடங்குகிறது.

கூட்டாஞ்சோறும் பாட்லக்கும்

நமக்கு இது முற்றிலும் புதிய வழக்கமன்று. கிராமத்துச் சிறுவர் வீட்டுக்கு வீடு அரிசியும் பருப்பும் காய்கறியும் வாங்கிவந்து, மரத்தடியில் கல்லடுப்புக் கூட்டிப் பொங்கியுண்ட கூட்டாஞ்சோற்றை அறியாத தமிழர் குறைவு. அங்கே பலர் வீட்டுப் பொருள்கள் ஒரே பானையில் கலந்து ஒரே ருசியாகும். இங்கேயோ அவரவர் பதார்த்தம் தன் பெயரும் தன் ருசியும் மாறாமல் மற்றவற்றின் அருகே அமர்கிறது.

சிங்கப்பூரில் இவ்விருந்து வேரூன்றத் தக்க சூழ்நிலை முன்பே உண்டு. 1964-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் தேதி மூண்ட இனக் கலவரத்தின் வடு இத்தீவு மறக்காத ஒன்று. அந்நாளையே பள்ளிகள் இன்று இன நல்லிணக்க நாளாக அனுசரிக்கின்றன. 1989-ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி, வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் (வீவக) குடியிருப்புகளில் ஒவ்வோர் இனத்தவருக்கும் விகிதாசார வரம்பு உண்டாகையால், ஒரே தாழ்வாரத்தில் மலாய், சீன, தமிழ்க் குடும்பங்கள் அடுத்தடுத்து வாழ்வது சாதாரணம். 2020-ஆம் ஆண்டு டிசம்பரில் யுனெஸ்கோவின் பட்டியலில் இடம்பெற்ற உணவங்காடிக் கலாசாரமும், பல இனத்தார் ஒரே மேஜையில் அமரும் பழக்கத்தை வளர்த்திருக்கிறது. ஆயினும் அங்கே ஒவ்வொருவரும் தம் காசுக்குத் தாம் வாங்கியதை உண்டு எழுகிறார்கள். அயலாரின் அடுப்படி எப்படியிருக்கும் என்பது, பல ஆண்டு எதிர்வீட்டில் வாழ்ந்தும், தெரியாமலே போகிறது. அந்தக் குறையைத் தீர்க்க வல்லது வீட்டுப் பந்தி.

பிரயாணத்துக்கென்றே பிறந்த பண்டங்கள்

‘பிரயாணம்’ என்பதை விருந்தின் பொருளாக வைத்துக்கொண்டவர்கள், எந்தத் தேசத்துப் பண்டம் கவர்ச்சியானது என்று தேடுவதைக் காட்டிலும், எந்தப் பண்டம் பிரயாணத்தைத் தாங்கும் என்று யோசிப்பதே விவேகம். ஏனெனில், பொரித்த மாத்திரத்தில் உண்ணவேண்டிய பலகாரத்தை எம்ஆர்டி ரயிலில் அரைமணி நேரம் சுமந்துவந்தால் அது துவண்டுபோகும். நீராவியில் அவித்த மீனோ சமைத்தவர் கைவிட்டு அகன்ற கணம் முதல் தரம் குறையத் தொடங்கும்.

உலகெங்கும் வழிநடைக்காரருக்கும் தொழிலாளருக்கும் என்றே பிறந்த பதார்த்தங்கள் உண்டு. அவற்றில் எதுவும் தற்செயலாக அமைந்ததன்று. மேற்குச் சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களிடையே, இளைஞர் பிறந்த ஊரை விட்டுச் சென்று பொருளும் அறிவும் தேடிவரும் ‘மெரான்தாவ்’ என்னும் வழக்கம் தொன்றுதொட்டு உண்டு. நீர்ப்பசை அறவே வற்றுமட்டும் தேங்காய்ப்பாலில் இறைச்சியைச் சுண்டவைக்கும் அவர்களது ரெண்டாங், நெடுந்தூரப் பிரயாணத்தில் கெடாதிருந்தமையால் அந்த வாழ்க்கைக்கு உற்ற துணையாயிற்று. ஜப்பானியச் சோற்று உருண்டையில் உப்பும் புளிப்பும் செறிந்த பழம் செய்யும் காவலை, நம் புளியோதரையில் புளியும் நல்லெண்ணெயும் செய்கின்றன. இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கத் தொழிலாளர் கையோடு எடுத்துச் சென்ற ‘பேஸ்டி’யில் இறைச்சியையும் உருளைக்கிழங்கையும் தடித்த மாவுறை மூடிக் காக்கிறது. நீரை வற்றவைத்தல், புளிப்பேற்றுதல், உப்பிடுதல், உறையிட்டு மூடுதல் என்னும் இந்த உபாயங்களை, ஒன்றுக்கொன்று தொலைவில் வாழ்ந்த சமூகங்கள் தத்தம் தேவைக்கேற்பக் கையாண்டன என்பது, ரெண்டாங்கும் புளியோதரையும் ஒரே தட்டில் அமரும்போதுதான் மனத்தில் தைக்கிறது.

> பெட்டிச் செய்தி: கப்பலேறி வந்தவை
>
> • மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, மக்காச்சோளம், நிலக்கடலை, முந்திரி, அன்னாசி, மரவள்ளி ஆகிய அனைத்தும் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியவை. 1492-இல் கொலம்பஸ் கடல் கடந்த பின்னரே பிற கண்டங்களுக்குப் பரவின.
>
> • வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தது 1498-இல். மிளகாயை இந்தியாவுக்குக் கொணர்ந்தவர்கள் போர்த்துகீசியர். அதற்கு முன் நம் சமையலில் காரம் என்றால் பெரும்பாலும் மிளகுதான்.
>
> • திருவிதாங்கூரில் மரவள்ளிச் சாகுபடியைப் பரப்ப முனைந்தவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா.
>
> • பதினான்காம் நூற்றாண்டில் டில்லி சுல்தானின் விருந்தில் சமோசா பரிமாறப்பட்டதை இபின் பதூதா எழுதிவைத்திருக்கிறார்.

சீட்டில் எழுதவேண்டிய சத்தியம்

பல சமயத்தார் கூடும் பந்தியில் மிகப் பெரிய உபசாரம் எது என்று கேட்டால், பாத்திரத்தின் பக்கத்தில் வைக்கும் அந்தச் சிறு சீட்டே என்பது என் அபிப்பிராயம். நம் இல்லங்களில் ‘இதில் என்ன போட்டிருக்கிறீர்கள்?’ என்று விருந்தினர் கேட்பதை மரியாதைக் குறைவாகக் கருதும் மனோபாவம் இன்னும் உண்டு. கேட்கவேண்டிய சங்கடத்தை விருந்தினருக்கு வைக்காமல், கேளாமலே சொல்லிவிடுவது சமைத்தவரின் கடமை. அந்தக் கடமை நிறைவேறாத இடத்தில், முஸ்லிம் நண்பர் வெறும் பழத்துண்டுகளோடு புன்னகைத்து அமர்ந்திருப்பதும், சைவ உணவுக்காரர் தயிர்சாதத்தைத் தேடுவதும் நேர்கின்றன. பந்தி ஒன்றாயிருந்தும் உண்பவர் பிரிந்தே போகிறார்கள்.

பன்றியிறைச்சி இல்லை என்பதும் ஹலால் என்பதும் ஒன்றல்ல. கோழியும் ஆடும் முறைப்படி அறுக்கப்பட்டிருக்க வேண்டும். சமையலில் மது சேர்ந்திருக்கலாகாது. பன்றியிறைச்சி சமைத்த பாத்திரமும் கரண்டியும் கலந்துவிடக் கூடாது. உணவங்காடி நிலையங்களில் ஹலால் தட்டுகளையும் பிற தட்டுகளையும் திருப்பிவைக்கத் தனித்தனி இடம் ஒதுக்கியிருப்பதைத் தினந்தோறும் பார்க்கும் நமக்கு, வீட்டிலும் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனிக் கரண்டி வைப்பதும், ஹலால் பதார்த்தங்களைத் தனி மேஜையில் பரப்புவதும் கடினமாகத் தோன்ற வேண்டியதில்லை. பௌத்த ஆசாரப்படி சைவம் உண்ணும் சீனர் பலர் வெங்காயமும் பூண்டும் கொள்வதில்லை. சமணரும் அவ்வாறே, அதற்குமேல் கிழங்கு வகைகளையும் விலக்குபவர். குவான்யின் தேவியை வழிபடும் சீனர் பலர் மாட்டிறைச்சியைத் தொடுவதில்லை. இந்த ஒன்றில் நம்மவரும் அவர்களும் ஒரே கட்சி என்பதைப் பல தமிழர் இத்தகைய பந்தியில்தான் முதன்முதலாக அறிகிறார்கள்.

> பெட்டிச் செய்தி: கண்ணுக்குத் தெரியாத சரக்குகள்
>
> • சம்பால்: பெரும்பாலும் பெலாச்சான் எனும் இறால் விழுது சேர்ந்தது.
>
> • கிம்சி: முட்டைக்கோஸ்தானே என்று எண்ணலாகாது, மீன் சாறோ உப்பிட்ட இறாலோ இருப்பது வழக்கம்.
>
> • மிசோ சூப்: உலர்ந்த சூரை மீன் கொதித்த நீரே பெரும்பாலும் அதற்கு அடிப்படை.
>
> • மிரின், ஷாவ்சிங்: ஜப்பானிய, சீனச் சமையலில் சேரும் இவை அரிசி மது வகைகள்.
>
> • பார்மிசான் பாலாடைக்கட்டி: மரபுப்படி, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியால் உறையவைப்பது.
>
> • கூட்டுப் பெருங்காயம்: நம் வீட்டுச் சாம்பாரிலும் ஒரு மறைபொருள் உண்டு, இதில் கோதுமை மாவு கலப்பது வழக்கம். கோதுமை ஒவ்வாதவரை எச்சரிக்க வேண்டும்.
>
> • நிலக்கடலை, எள்: சாத்தே குழம்பு முதல் மேற்கு ஆப்பிரிக்கக் கடலைக் குழம்பு வரை நிலக்கடலை இருக்கும்; இரண்டுமே ஒவ்வாமை உள்ளவருக்கு உயிராபத்து விளைவிக்கக் கூடியவை.

ஒரே தட்டும் எச்சிலும்

இஞ்சேராவை உண்ணும் முறை நம்மவரின் ஆசாரத்தைச் சோதிக்கக் கூடியது. எத்தியோப்பியாவில் பெரிய தட்டொன்றில் இஞ்சேராவை விரித்து, அதன்மேல் பருப்பும் கீரையும் குழம்பும் குவியல் குவியலாக வைத்து, சுற்றி அமர்ந்த அனைவரும் தத்தம் பக்கத்திலிருந்து பிய்த்து உண்பார்கள். அன்பின் அடையாளமாக ஒருவர் ஒரு கவளத்தை உருட்டி மற்றொருவர் வாயில் ஊட்டுவதும் உண்டு. ‘குர்ஷா’ என்று பெயர். எச்சில் என்னும் எண்ணம் இளமையிலிருந்தே ஊறிய தமிழ் முதியவர் ஒருவர் இதற்குத் தயங்கினால், அத்தயக்கத்தை எள்ளுவது பண்பன்று. வற்புறுத்துவது அதனினும் பண்பன்று.

அன்றைய விருந்தில் பொறியாளர் செய்தது மெச்சத்தக்கது. பாட்டிக்கென்று ஓர் இஞ்சேராவைத் தனித்தட்டில் விரித்து, பருப்புக் குழம்பைச் சுத்தமான கரண்டியால் ஊற்றி, வலக்கையால் மட்டுமே உண்ணும் அந்நாட்டு வழக்கத்தைச் சொன்னார். பாட்டிக்கு அது சொல்லித் தெரியவேண்டியதில்லை. பிறகு குர்ஷாவைப் பற்றிக் கேட்டறிந்த பாட்டி, ‘பெற்ற தாய் பிள்ளைக்கு ஊட்டுவதுதானே’ என்று கூறித் தம் பேத்தியின் வாயில் ஒரு கவளத்தை ஊட்டினார். பிறர் வழக்கத்தை அறிந்துகொள்வதற்கு நம் வழக்கத்தைத் துறக்கவேண்டிய அவசியமில்லை என்பதற்கு, எந்த மேடைப் பிரசங்கத்தைக் காட்டிலும் இது தெளிவான சாட்சி.

அடுப்படியில் நிற்பவர் யார்?

திருவள்ளுவர் விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரமே வகுத்தார். எனினும் அந்த அறத்தின் புகழை வீட்டுத் தலைவர் ஏற்க, அதன் புகையை வீட்டுத் தலைவி ஏற்பதே பெரும்பாலான இல்லங்களில் நடைமுறையாயிற்று. இருபது பேருக்கு இலை போட்ட இல்லத்தரசி, எல்லோரும் தாம்பூலம் தரித்து எழுந்தபின், ஆறிப்போன சோற்றோடு தனியே அமர்வதை நாம் கௌரவமென்று போற்றியிருக்கிறோம். சமையல் பலர் வீட்டுக்குப் பங்கிடப்படும்போது அந்தச் சுமை இறங்குகிறது; ‘சமைத்தவர் பெயர்’ என்று சீட்டில் எழுத நேரும்போது, மனைவி சமைத்ததைத் தூக்கிவந்து தம்முடையதாகச் சொல்ல எந்த ஆடவருக்கும் மனம் வருவதில்லை. அடுப்பின் பக்கமே செல்லாதிருந்த நண்பர்கள், தாம் உத்தியோக நிமித்தம் சென்ற ஊரின் ஒரு பதார்த்தத்தையாவது கற்றுக்கொள்ளத் தலைப்படுவது இவ்விருந்தின் சிறந்த விளைவுகளில் ஒன்று.

ஆனால் சிங்கப்பூரில் இன்னொரு கேள்வியையும் நாம் மனச்சாட்சியோடு கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தோனேசியாவிலிருந்தும் பிலிப்பீன்ஸிலிருந்தும் மியன்மாரிலிருந்தும் வந்த பணிப்பெண்கள் பல வீடுகளில் இருக்கிறார்கள். விருந்தினர் அனைவரும் தத்தம் வீட்டுப் பணிப்பெண்ணைச் சமைக்கச் செய்து, தாம் சமைத்ததாகச் சீட்டு எழுதினால், பகிர்ந்துண்பதென்னும் பெயரே பொய்யாகிவிடும். 2013-ஆம் ஆண்டுமுதல் அவர்களுக்கு வாரம் ஒருநாள் ஓய்வு சட்டப்படி உண்டு. அதற்கு ஈடாகப் பணம் கொடுக்கும் வழக்கம் பெருகியதால், மாதத்தில் ஒருநாளேனும் எந்தப் பணத்தாலும் ஈடுசெய்ய முடியாத ஓய்வாக இருக்க வேண்டுமென்ற விதி 2023 ஜனவரி முதல் நடப்புக்கு வந்தது. அவர்களில் பலருக்கு ஓய்வு நாளான ஞாயிற்றுக்கிழமையில் விருந்து வைத்து, மலைபோல் பாத்திரங்களைக் குவிப்பது அறமாகாது.

வேறு நாள் தேர்ந்தெடுக்கலாம். பாத்திரம் துலக்குவதையும் விருந்தினரிடையே பங்கிடலாம். அந்தப் பெண்ணுக்கு விருப்பமிருந்தால், ஏவலராக அன்றி விருந்தினராக அவரையும் அழைத்து, அவர் ஊர்ப் பதார்த்தத்துக்கு அவர் பெயரையே எழுதி, மேஜையில் அவருக்கும் ஓர் ஆசனம் இடலாம். உலகப் படத்தில் நாம் சுற்றுலா சென்று திரும்பிய ஊர்களைக் குறித்துப் பெருமைப்படுகிற அதே கூடத்தில், பிழைப்பதற்காகப் பிரயாணம் செய்து வந்தவரின் ஊர் குறிக்கப்படாமல் விடுபடுவது பெரும் பிழை.

> பெட்டிச் செய்தி: நேரமும் சூடும்
>
> • சமைத்த உணவைச் சாதாரண அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.
>
> • கிருமிகள் விரைந்து பெருகுவது 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையுள்ள வெப்பநிலையில். சூடான பதார்த்தம் 60-க்கு மேலும், குளிர்ந்தது 5-க்குக் கீழும் இருக்க வேண்டும்.
>
> • வடித்த சோற்றில் ‘பசில்லஸ் சீரியஸ்’ என்னும் நுண்ணுயிரின் வித்துகள் உயிரோடு எஞ்சக்கூடும். சோறு வெளியில் நெடுநேரம் இருந்தால் அவை நஞ்சை உண்டாக்கும். அந்நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை.
>
> • பிரயாண நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வந்தவுடன் உண்ணத் தொடங்குவதும், கதைகளை உண்டபின் பேசுவதும் நலம்.

தேசம் வேடிக்கைப் பொருளன்று

பிரயாண விருந்து என்றவுடன் அந்தந்த நாட்டு உடையைப் போலச் செய்து அணிவதும், பேச்சைப் போலச் செய்து சிரிப்பதும் சிலருக்கு உற்சாகமாகத் தோன்றலாம். அந்த வழி வேண்டாம். ஒரு பதார்த்தத்தின் பின்னால் ஒரு மக்கட்கூட்டத்தின் துயரமும் மானமும் இருக்கக் கூடும். ஹெய்ட்டி நாட்டார் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் தேதியில் ‘ஜூமு’ என்னும் பூசணிக்காய்ச் சூப்பை அருந்துகிறார்கள். பிரெஞ்சு எஜமானர்களுக்கென்று அடிமைகள் ஆக்கிப் போட்ட, ஆனால் அவ்வடிமைகளுக்கே மறுக்கப்பட்ட அந்தச் சூப், 1804-ஆம் ஆண்டு அதே தேதியில் விடுதலை பெற்றபின் எல்லோர் வீட்டிலும் கொதித்தது என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் செய்தி. 2021-இல் யுனெஸ்கோ அதைத் தன் பட்டியலில் ஏற்றது. இதை அறிந்து ஊற்றும் சூப்பும் அறியாமல் ஊற்றும் சூப்பும் ருசியில் ஒன்றாயிருக்கலாம், மரியாதையில் ஒன்றாகா.

அந்த மரியாதை தவறினால் என்ன நேரும் என்பதை 2018-ஆம் ஆண்டில் கண்டோம். பிரிட்டனின் ‘மாஸ்டர்செஃப்’ நிகழ்ச்சியில், கோழி ரெண்டாங்கின் தோல் மொறுமொறுப்பாக இல்லையென்று நடுவர் ஒருவர் குறை கூற, ரெண்டாங் எவ்வூருக்குச் சொந்தமென்று வழக்காடுகிற இந்தோனேசியரும் மலேசியரும் சிங்கப்பூரரும் அன்று ஒரே குரலில் எதிர்த்தார்கள். மறுபுறம், அல்ஜீரியா, மொராக்கோ, துனீசியா, மௌரித்தானியா ஆகிய நான்கு தேசங்களும், தமக்குள் எத்தனையோ பிணக்கிருந்தும், கூஸ்கூஸ் என்னும் உணவுக்கு 2020-இல் ஒருங்கே உரிமை கோரி யுனெஸ்கோவின் அங்கீகாரம் பெற்றன. எனவே, ‘எங்கள் ஊர்ப் பண்டம், உங்கள் ஊர்ப் பண்டம்’ என்ற வாதம் மேஜையில் எழுந்தால், அதை நீதிமன்றமாக்காமல், யாரிடம் கற்றோம் என்பதை மட்டும் ஒவ்வொருவரும் சொன்னால் போதும்.

தொடங்குவோர்க்கு

முதல் விருந்துக்கு எட்டுப் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். யார் எதைக் கொண்டுவருகிறார்கள் என்பதை ஒரு வாரம் முன்பே பேசி முடிவு செய்தால், நான்கு சோறும் நான்கு பாயசமும் வந்து சேர்ந்து காய்கறிக்கு வழியில்லாமல் போகும் நிலை நேராது. எல்லோரும் எல்லாப் பதார்த்தத்தையும் ருசிபார்க்கும் பந்தியில், ஒவ்வொருவரும் தம் குடும்பத்துக்குச் சமைக்கும் அளவுக்குச் சற்றுக் கூடுதலாகச் செய்தாலே போதுமானது. விடுதி அறையில் அடுப்பு வசதியில்லாத இளைஞரை அழைத்தால், பழமோ பானமோ கொண்டுவரச் சொல்லலாம். எதுவும் கொண்டுவர இயலாதவர் மேஜையை ஒழுங்கு செய்யலாம். யாருடைய பதார்த்தம் சிறந்ததென்று பரிசளிக்கும் யோசனையைக் கைவிடுவது நல்லது. போட்டி புகுந்த இடத்தில், அதிகம் செலவழித்தவர் பெரியவராகி, எளியவர் அடுத்தமுறை வரமாட்டார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இவ்விருந்து என்றும் ஒரே வீட்டில் நடைபெறலாகாது. பிறர் நம் வீட்டுக்கு வந்து உண்பதில் நமக்கு உபகாரி என்னும் இன்பம் உண்டு. நாம் பிறர் வீட்டில் போய், அவர்களது பாய்மீதோ நாற்காலியிலோ அமர்ந்து, அவர்களது ஒழுங்குக்குக் கட்டுப்பட்டு உண்பதில் அந்த இன்பம் இல்லை, ஆனால் கல்வி உண்டு. அடுத்த மாதம் எதிர்வீட்டு மலாய்க் குடும்பத்தார் அழைக்கட்டும். அதற்கடுத்த மாதம் சீனக் குடும்பத்தார் அழைக்கட்டும். அங்கெல்லாம் நாமும் நம் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு சென்று, செருப்பை வாசலில் விட்டு, நம் சாம்பாரின் பக்கத்தில் நம் கையெழுத்திலேயே சீட்டு வைத்து, பெருங்காயத்தில் கோதுமை உண்டு என்பதை மறவாமல் எழுதுவோமாக.